நெவாடா காம்ஸ்டாக்: அள்ளி வீசிய அந்த ‘நீல மண்’ என்ன கனிமம்?

#1 நீலமண்
அமெரிக்காவின் நெவாடாவிலுள்ள காம்ஸ்டாக் வெள்ளி, தங்கச் சுரங்கப் பகுதி பற்றி எதை எடுத்தாலும் இந்தக் கதை வந்துவிடுகிறது. 1859இல் கோல்ட் கேன்யன் பக்கம் தங்கம் அலசியவர்கள், தொட்டியில் அடைத்துக்கொண்ட கனமான நீலச் சேற்றைத் திட்டிக்கொண்டே அள்ளி வீசினார்கள், பிறகுதான் அது வெள்ளி என்று தெரிந்தது என்று. ஆனால் அது என்ன கனிமம் என்று கேட்டால் ஒருவர் அர்ஜென்டைட் என்கிறார், இன்னொருவர் அகாந்தைட் என்கிறார், பழைய எழுத்துகளில் ‘வெள்ளி சல்ஃபுரெட்’ என்று இருக்கிறது. மூன்றும் ஒன்றுதானா? கறுப்பாக ஒரு துண்டு கைக்கு வந்தால் அது கலீனா (ஈய சல்ஃபைடு) இல்லை, வெள்ளித் தாதுதான் என்று லேப் இல்லாமல் எப்படிச் சொல்வது?

#2 கல்லுடைப்பான்
பெயர்தான் மூன்று, பொருள் ஒன்று: வெள்ளி சல்ஃபைடு. எடையில் 87 சதவீதம் வெள்ளி, மிச்சம் கந்தகம். ஏறத்தாழ 175 பாகை செல்சியஸுக்கு மேலே அது கனசதுரப் படிக அமைப்பில் இருக்கும், அப்போது பெயர் அர்ஜென்டைட். ஆறியதும் உள்ளமைப்பு மாறி அகாந்தைட் ஆகிவிடும். வெளி உருவம் மட்டும் பழைய கனசதுரமாகவே நிற்கும். ஆகவே அறை வெப்பத்தில் உங்கள் கையில் இருப்பது எப்போதும் அகாந்தைட்தான். அட்டையில் அர்ஜென்டைட் என்று எழுதியிருந்தால் அது பழைய வழக்கம், ஏமாற்று அல்ல.

கலீனாவிலிருந்து பிரிக்கக் கத்தி முனை போதும். அகாந்தைட்டை ஈயத்தைச் சீவுவதுபோல் சீவலாம், சுருள் சுருளாக வரும், வெட்டிய இடம் பளபளக்கும். கலீனா அப்படி வராது. படி படியாக, சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்து விழும். கடினத்தன்மை இரண்டுக்கும் 2.5ஐ ஒட்டி, அடர்த்தியும் 7.2க்கும் 7.6க்கும் நடுவில். எனவே எடை பார்த்தோ நகத்தால் கீறியோ பிரிக்கப் பார்த்தால் தோற்றுப்போவீர்கள்.

காம்ஸ்டாக்கில் இன்னொரு கறுப்புக் கனிமமும் நிறைய வந்தது: ஸ்டெஃபனைட். வெள்ளி, ஆண்டிமனி, கந்தகம் மூன்றும் சேர்ந்தது, வெள்ளி 68 சதவீதம். கத்தி வைத்தால் சீவல் வராது, பொடியும். கூடவே பாலிபசைட், பைரார்ஜிரைட் என்ற வெள்ளிக் கனிமங்கள். பைரார்ஜிரைட்டைப் பீங்கான் ஓட்டின் மெருகில்லாத பக்கத்தில் தேய்த்தால் கோடு ஊதா கலந்த சிவப்பாக விழும், பார்த்தால் மறக்காது.

அந்த நீலச் சேறு தனிக்கனிமம் இல்லை. நொறுங்கின குவார்ட்ஸும் களிமண்ணும், அவற்றுக்குள் மாவாக அகாந்தைட்டும் மற்ற வெள்ளி சல்ஃபைடுகளும். நீலம் காட்டியது அந்த மாவுதான். மணல் அடர்த்தி 2.65, இது 7க்கு மேல். அலசும் தொட்டியின் குறுக்குச் சட்டங்களில் போய் உட்கார்ந்துகொண்டு தங்கத்துக்கு இடம் விடாமல் அடைத்ததில் ஆச்சரியம் இல்லை.

#3 மூசைக்காரன்
எவ்வளவு அடைத்தது என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். முதல் அசேயில் (தாதுவில் எவ்வளவு உலோகம் என்று பார்க்கும் சோதனையில்) வந்ததாகப் பரவலாகச் சொல்லப்படும் மதிப்பு டன்னுக்கு 3,876 டாலர், அதில் வெள்ளி மட்டும் ஏறத்தாழ 3,000. அன்றைய விலை வெள்ளி அவுன்ஸுக்கு 1.29 டாலர், தங்கம் 20.67.

3,000ஐ 1.29ஆல் வகுத்தால் 2,325 அவுன்ஸ் வெள்ளி. ஒரு ஷார்ட் டன்னுக்கு (2,000 பவுண்டு) 1 அவுன்ஸ் என்றால் மெட்ரிக் டன்னுக்கு 34.29 கிராம். ஆக டன்னுக்கு 79.7 கிலோ வெள்ளி, அதாவது 8 சதவீதம். முழுவதும் அகாந்தைட்டாக இருந்தது என்று வைத்தால் ஒரு கிலோ சேற்றில் 90 கிராமுக்குச் சற்று மேல் அகாந்தைட். தங்கம் 876 டாலர் என்பது 42 அவுன்ஸ், டன்னுக்கு 1.45 கிலோ. இதை வாரி வீசியிருக்கிறார்கள்.

பொறுக்கின சாம்பிளின் எண் இது, சுரங்கத்தின் சராசரி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

#4 நீலமண்
அப்படியானால் பாதரசம் ஏன் இதைப் பிடிக்கவில்லை? தங்கம் பிடிக்கப் பாதரசம் அவர்களிடமும் இருந்திருக்குமே. இன்னொன்று: இது வெள்ளிச் சுரங்கமா, தங்கச் சுரங்கமா? இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள்.

#5 மூசைக்காரன்
பாதரசம் உலோகத்தைத்தான் நனைக்கும். தங்கம் உலோகமாகவே கிடக்கிறது, தொட்டதும் ஒட்டிக்கொள்ளும். வெள்ளி சல்ஃபைடில் வெள்ளி கந்தகத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. அந்தக் கட்டை முதலில் அவிழ்க்க வேண்டும். காம்ஸ்டாக்கில் அதற்குக் கையாண்ட வாஷோ முறையைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

வெள்ளியா தங்கமா என்பதற்கு: மொத்த உற்பத்தி சுமார் 19 கோடி அவுன்ஸ் வெள்ளி, 80 லட்சம் அவுன்ஸுக்குச் சற்று மேல் தங்கம். எடையில் 23க்கு 1. அன்று தங்கம் வெள்ளியைவிட 16 மடங்கு விலை. ஆகவே மதிப்பில் வெள்ளி ஆறு பங்கு, தங்கம் நாலு பங்கு. 1873க்குப் பிறகு வெள்ளி இறங்கிக்கொண்டே போனதால் தங்கத்தின் பங்கு இன்னும் கூடும். விலை வித்தியாசம் 80 மடங்கு என்று வைத்துப் போட்டால் முக்கால் பங்கு தங்கத்தில்தான். பாறை மாறவில்லை, சந்தை மாறினால் சுரங்கத்தின் பெயரும் மாறுகிறது.

#6 பாறைப்படிவம்
எல்லாரும் கனிமத்தையே பார்க்கிறீர்கள், அது உட்கார்ந்திருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டாமா?

சுரங்கங்கள் இருக்கும் ஊர் வர்ஜீனியா சிட்டி, மவுண்ட் டேவிட்சன் மலையின் கிழக்குச் சரிவு. மலையின் உடல் டயோரைட் வகைப் பாறை. கிழக்கே மயோசீன் கால ஆண்டிசைட் எரிமலைப் பாறை, ஆல்டா ஃபார்மேஷன் என்பார்கள். இரண்டுக்கும் இடையில் காம்ஸ்டாக் ஃபால்ட் (பாறை உடைந்து நகர்ந்த பிளவு), கிழக்கே ஏறத்தாழ 40 பாகை சாய்ந்து இறங்குகிறது. கிழக்குப் பக்கம் கீழே சறுக்கின சாதாரண ஃபால்ட் இது. நடுப்பகுதியில் பிளவுக்குக் கீழே இருக்கும் அடிச்சுவர் டயோரைட், மேலே இருக்கும் மேற்சுவர் ஆண்டிசைட். பிளவை நிரப்பிய கனிம நாளத்தின் முக்கியப் பகுதி நாலு கிலோமீட்டர் அளவுக்கு ஓடுகிறது.

ஆனால் நாலு கிலோமீட்டரும் தாது இல்லை. பெரும்பகுதி வெறும் குவார்ட்ஸ், களிமண், நொறுங்கல். தாது ஒன்றோடொன்று ஒட்டாத குண்டுகளாகக் கிடந்தது. இவற்றைத்தான் பொனான்சா என்றார்கள். நல்ல குண்டுகள் பல மேற்சுவருக்குள் இருந்தன: சாய்ந்த ஃபால்ட்டிலிருந்து நெட்டுக்குத்தாக மேலே கிளைத்த பிளவுகளில். கிழக்குத் துண்டு கீழே சறுக்கும்போது அதன் உடம்பு இழுபட்டு வாய் திறந்தது, சுடுநீர் அங்கே ஏறியது. 1873இல் கன்சாலிடேட்டட் வர்ஜீனியா சுரங்கத்தில் தட்டுப்பட்ட பிக் பொனான்சா ஏறத்தாழ 1,200 அடி ஆழத்தில் தொடங்கியது. அதிலிருந்து மட்டும் 10 கோடி டாலருக்கு மேல் எடுத்தார்கள். மேலே நிலத்தில் அதற்கு ஓர் அடையாளமும் இல்லை.

சுடுநீர் ஏன் அங்கே தங்கத்தை இறக்கியது என்றால், கொதித்ததால். ஆழத்தில் அழுத்தம் இருக்கும்வரை நீர் 250 பாகையிலும் கொதிக்காது. மேலே வந்து அழுத்தம் குறைந்ததும் கொதிக்கும், கரியமில வாயுவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் ஆவியோடு ஓடிவிடும். தங்கத்தைக் கரைசலில் பிடித்துவைத்திருந்ததே அந்த சல்ஃபைடுதான். பிடி விட்டதும் தங்கம் விழுகிறது. கரியமில வாயு போனதால் கால்சைட் தகடு தகடாகப் படிகிறது, அடுலேரியா என்ற பொட்டாசியம் ஃபெல்ஸ்பாரும் கூட வருகிறது. சாம்பிளில் கத்தி அலகுபோல் குறுக்கும் நெடுக்கும் நிற்கும் தகடுகள், அவை குவார்ட்ஸாக மாறியிருந்தாலும், தெரிந்தால் அங்கே நீர் கொதித்தது என்று படிக்கலாம். நாளத்தில் தகடு இருக்கும் ஆழத்தைக் குறித்துக்கொண்டே போவதுதான் இந்த வகைச் சுரங்கத்தில் வேலையே.

#7 சாம்பியன்ரீஃப்
கோலார் பக்கத்து ஆட்களுக்கு இது விநோதமாக இருக்கும். அங்கே சாம்பியன் ரீஃப் என்ற தங்க நாளம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் இறங்கியும் குவார்ட்ஸ் தொடர்ந்தது, தங்கத்தில் வெள்ளி சொற்பம். காம்ஸ்டாக் ஒரு கிலோமீட்டர் சொச்சத்திலேயே ஓய்ந்துவிட்டது. வெப்பமும் அப்படியே. கோலாரில் மூன்று கிலோமீட்டரில் பாறை 66 பாகை செல்சியஸ். காம்ஸ்டாக்கில் 3,000 அடியிலேயே, அதாவது 900 மீட்டரைச் சற்றே தாண்டியதும், 77 பாகையில் தண்ணீர் பீய்ச்சியது. நாளத்தை உண்டாக்கின பழைய சூடு இன்னும் ஆறாமல் இருந்ததுதானே காரணம்?

#8 பாறைப்படிவம்
ஒப்பீடு சரி, காரணம் சரியில்லை அண்ணா. காம்ஸ்டாக் நாளத்துக்கு வயது 1.4 கோடி ஆண்டை ஒட்டி. அந்தச் சூடு எப்போதோ ஆறிவிட்டது. சுரங்கத்தில் அடித்த வெந்நீர் இன்றைய புவிவெப்பம். நெவாடாவில் பூமியின் மேலோடு இழுபட்டு மெலிந்துகொண்டிருக்கிறது, சூடு மேலே ஏறி நிற்கிறது. வடமேற்கே சற்றுத் தள்ளி இருக்கும் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸில் இப்போதும் புவிவெப்ப மின்நிலையம் ஓடுகிறது, அந்த ஊற்றுப் படிவில் சாதிலிங்கமும் (பாதரச சல்ஃபைடு) படிந்திருக்கிறது. கோலார் 250 கோடி ஆண்டுப் பழைய குளிர்ந்த நிலத்துண்டு. ஆழம் கூடக்கூட வெப்பம் மெதுவாகத்தான் ஏறும்.

அந்தக் காலத்தில் இதைவிட விசித்திரமான விளக்கமும் இருந்தது. ஃபெல்ஸ்பார் களிமண்ணாக மாறும்போது சூடு பிறக்கிறது, அதுதான் சுரங்கத்தைக் கொதிக்கவைக்கிறது என்றார்கள். அமெரிக்க நிலவியல் அளவைத் துறைக்காக ஜார்ஜ் பெக்கர் செய்த ஆய்வில் இதைச் சோதனையிலேயே போட்டுப் பார்த்து, சூடு வரவில்லை என்று தள்ளினார்கள். அறிக்கை 1882இல் வந்தது.

#9 கல்லுடைப்பான்
பெக்கர் பெயர் வந்ததால் ஒன்று. ‘புரொபிலைட்’ என்ற சொல் இந்த ஊரில்தான் பிறந்தது. ஜெர்மன் நிலவியலாளர் ரிக்டோஃபன் இங்கே பச்சைநிறப் பாறையைப் பார்த்து அது தனி எரிமலைப் பாறை என்று நினைத்துப் பெயர் வைத்தார். பெக்கர் பார்த்தபோது அது ஆண்டிசைட்தான், சுடுநீரில் ஊறிக் குளோரைட்டும் எபிடோட்டும் கால்சைட்டும் பைரைட்டும் ஆகியிருந்தது. பாறைப் பெயர் செத்தது, ‘புரொபிலிட்டிக் மாற்றம்’ என்ற சொல் மட்டும் உலகம் முழுக்க இன்றும் பிழைத்திருக்கிறது.

தேடப் போகிறவர்கள் இங்கே ஒரு தப்புச் செய்வார்கள். வர்ஜீனியா சிட்டியைச் சுற்றி வெள்ளை வெளேரென்று வெளுத்த பாறை நிறைய உண்டு, அமிலத்தில் வெந்து அலுனைட் ஆனது. கண்ணுக்கு முதலில் அதுதான் படும். ஆனால் அது வெள்ளி நாளத்துக்கு முந்தைய வேறொரு கட்டத்தின் வேலை, அதில் வெள்ளி தேடிப் பயனில்லை.

#10 சாம்பியன்ரீஃப்
திருத்தத்துக்கு நன்றி, ஏற்றுக்கொள்கிறேன். தண்ணீர் விஷயத்தில் இன்னொன்று சேர்க்கிறேன். தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கவில்லை என்பதுதான் ஆபத்து. ஃபால்ட்டில் அரைபட்ட களிமண் சுவர்போல் நின்று, பாறையை அறை அறையாகப் பிரித்திருந்தது. ஓர் அறை காய்ந்திருக்கும், அடுத்த அறையில் தண்ணீர் நிறைந்து நிற்கும். களிமண்ணைக் கடப்பாரை தாண்டினதும் வெள்ளம். அடால்ஃப் சுட்ரோ 1869இல் தொடங்கி 1878இல் முடித்த வடிகால் சுரங்கவழி கிட்டத்தட்ட 20,500 அடி நீளம், 1,640 அடி ஆழத்தில் போய் நாளத்தைத் தொட்டது. அதற்குள் சுரங்கங்கள் அந்த மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டன. இருந்தும் பம்புகள் தண்ணீரை மேல்வாய்வரை தள்ள வேண்டியதில்லை, சுட்ரோ மட்டம்வரை தள்ளினால் போதும் என்றானது.

களிமண் இன்னொரு வேலையும் செய்தது. காற்றுப் பட்டால் ஊதும், மரத்தை நொறுக்கும். ஓஃபிர் சுரங்கத்தில் தாது 50 அடி அளவுக்கு அகன்றபோது பழைய முட்டுக்கட்டை முறை கைவிட்டது. 1860இல் ஃபிலிப் டைடஸ்ஹைமர் கொண்டுவந்த சதுரச் சட்டகம் அதற்காகத்தான்: கனமான உத்தரங்களைக் கூடுபோல் கோத்து, நாலு பக்கமும் மேலேயும் கூட்டிக்கொண்டே போகலாம். கூட்டைக் கழிவுக் கல்லால் நிரப்பாமல் விட்டால் மட்டும் அது வெறும் விறகு அடுக்கு.

#11 நீலமண்
மூசைக்காரன் சார், இப்படிப்பட்ட சாம்பிளை அசே செய்யும்போது எண் ஒன்றுக்கொன்று ஒத்துவராது என்கிறார்களே, ஏன்?

#12 மூசைக்காரன்
பாதித் தப்பு அடுப்புக்குப் போவதற்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. அகாந்தைட் பொடியாகாது என்று மேலே சொன்னார்கள் அல்லவா? அரைக்கும்போது தட்டையாக நசுங்கி, இரும்புத் தட்டில் இழுகும். எலெக்ட்ரமும் (இயற்கையான தங்க, வெள்ளிக் கலவை) அப்படியே. 100 கண் சல்லடையில் சலித்தால் குவார்ட்ஸ் கீழே விழும், பணம் மேலே நிற்கும். மேலே நின்றதைக் குப்பையில் கொட்டினால் வெள்ளி குறையும். பலவந்தமாகத் தேய்த்து உள்ளே தள்ளினால் ஒரு தடவை ஏறும், ஒரு தடவை இறங்கும். மேலே நின்றதைத் தனியாக எடை போட்டு, முழுவதையும் தனியாக உருக்கி, எடைவிகிதப்படி கூட்டுவதுதான் வழி. ஒவ்வொரு சாம்பிளுக்கும் பிறகு வெறும் குவார்ட்ஸ் மணலை அரைத்துத் தட்டைக் கழுவ வேண்டும்.

அடுத்தது மூசை, அதாவது உருக்கும் மண்பாத்திரம். குவார்ட்ஸ் மிகுந்த சாதாரண சாம்பிளுக்கு:

சாம்பிள் 29.17 கிராம், இதுதான் ஒரு அசே டன். இந்த எடைக்குக் கடைசியில் மிஞ்சும் உலோக மணியில் வரும் ஒவ்வொரு மில்லிகிராமும் ஷார்ட் டன்னுக்கு ஓர் அவுன்ஸ்.
மிருதாரசிங்கி (ஈய ஆக்சைடு) 60 முதல் 70 கிராம்.
சோடா (சோடியம் கார்பனேட்) 30 கிராம்.
வெங்காரம் (போராக்ஸ்) 10 கிராம்.
கோதுமை மாவு 2.5 முதல் 3 கிராம்.

மாவு எதற்கு என்றால், ஒரு கிராம் மாவு 10 முதல் 12 கிராம் ஈயத்தை விடுவிக்கும். நமக்குத் தேவை 25 முதல் 30 கிராம் ஈயக்கட்டி. பைரைட் இருந்தால் அதுவே மாவின் வேலையைச் செய்துவிடும், ஈயம் மிதமிஞ்சி வரும். அப்போது மாவை விட்டுவிட்டு வெடியுப்புப் போட வேண்டும், ஒரு கிராம் வெடியுப்பு சுமார் 4 கிராம் ஈயத்தைக் குறைக்கும். குறைத்தது போதாவிட்டால் ஈயத்துக்கும் கசட்டுக்கும் நடுவில் நொறுங்கக்கூடிய சாம்பல்நிற அடுக்கு ஒன்று நிற்கும். அது மேட், அதில் வெள்ளி ஒளிந்துகொள்ளும். அதைத் தட்டி எறிந்தவர் தோற்றவர்.

1,000 முதல் 1,050 பாகையில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், இரும்பு அச்சில் ஊற்றி, ஆறினதும் ஈயத்தைச் சுத்தியால் தட்டிக் கசடு நீக்க வேண்டும். பிறகு எலும்புச் சாம்பல் கிண்ணம். கிண்ணம் தன் எடை அளவு ஈயத்தைக் குடிக்கும். 28 கிராம் ஈயத்துக்கு 30 கிராமுக்குக் குறையாத கிண்ணம் வையுங்கள். வெள்ளிக்குச் சூடு கூடக் கூடாது. கிண்ணத்தின் விளிம்பில் இறகுபோல் மிருதாரசிங்கிப் படிகம் கட்டிக்கொண்டிருந்தால் சூடு சரி. படிகமே இல்லையென்றால் வெள்ளி புகையோடு போகிறது. ஈயத்தின் மேல் தோல் கட்டி அசையாமல் நின்றுவிட்டால் சூடு போதவில்லை. கடைசியில் ஈயம் தீரும் கணம் மணி ஒரு தரம் பளிச்சிடும். பெரிய வெள்ளி மணியை உடனே வெளியே இழுக்காதீர்கள். உருகின வெள்ளி குடித்திருந்த ஆக்சிஜன் ஒரேயடியாக வெளியேறி மணி முளைவிடும், துளி தெறிக்கும். மெதுவாக அடுப்பு வாய்க்கு நகர்த்துங்கள்.

தங்கம் பிரிக்க நைட்ரிக் திராவகம். மணியில் வெள்ளி தங்கத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். காம்ஸ்டாக் மணியில் 20 மடங்குக்கு மேல் இருக்கும், வெள்ளி சேர்க்கத் தேவையில்லை. ஆனால் அதுவே தொல்லையும்கூட: தங்கம் துண்டாக நிற்காமல் கறுப்புத் தூளாக உதிரும். முதலில் நீர்த்த திராவகம், இளஞ்சூடு, ஊற்றி வடிக்கும்போது கை நிதானம். குழாய்த் தண்ணீரில் திராவகத்தை நீர்க்காதீர்கள், அதிலுள்ள குளோரைடால் பால்போல் வெண்மை கட்டி வெள்ளிக் குளோரைடு தங்கத்தூளோடு படிந்துவிடும்.

அந்த முதல் நீலச் சேறு மாதிரி பணக்காரச் சாம்பிள் என்றால் முழு அசே டன் எடுக்காதீர்கள், மணியே இரண்டு கிராமுக்கு மேல் வரும். பத்தில் ஒரு பங்கு போதும். இது ஈயப் புகை வேலை, இழுப்புக்குழாய் இல்லாத இடத்தில் தொடவே வேண்டாம்.

#13 மூசைக்காரன்
வாஷோ முறை எழுதுகிறேன் என்றேன். ஆல்மரின் பால் என்பவர் 1860இல் ஓடவிட்டது. உலக்கைகளில் ஈரமாக இடித்த தாதுச் சேறு, ஆரம்பத்தில் ஒரு வட்ட இரும்புத் தொட்டிக்கு 1,200 முதல் 1,500 பவுண்டு. நீராவியால் சூடு, உள்ளே சுற்றும் இரும்புக் குழவி. உப்பு, மயில்துத்தம், பாதரசம். உப்பும் துத்தமும் சேர்ந்து வெள்ளி சல்ஃபைடைக் குளோரைடாக்கும், தொட்டியின் இரும்பும் பாதரசமும் அதை உலோகமாக்கும், பாதரசம் விழுங்கும். மெக்சிகோவில் முற்றத்தில் பரப்பி வாரக்கணக்கில் மிதித்த வேலை இங்கே சில மணி நேரத்தில் முடிந்தது.

கெட்டுப்போகும் இடம் ஒன்றுதான்: பாதரசம் மாவாகிவிடும். குழவி அரைத்து அரைத்து ரசத்தைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக்கும், துளிமேல் அழுக்குப் படிந்து ஒன்றோடொன்று சேராது, கழிவோடு ஓடும். அப்படி ஓடினது ஏறத்தாழ 1.4 கோடி பவுண்டு என்பது மதிப்பீடு. கார்சன் ஆற்றுப் படுகை அதனால்தான் 1990 முதல் அமெரிக்காவின் சூப்பர்ஃபண்ட் பட்டியலில் (சுத்தம் செய்ய வேண்டிய நச்சு இடங்களின் பட்டியல்) இருக்கிறது. பழைய ஆலைக் கழிவை யாரும் ‘அலசிப் பார்க்கிறேன்’ என்று சூடாக்க வேண்டாம்.

#14 நீலமண்
கடைசியாக ஒன்று. சேகரிப்புத் துண்டில் வெள்ளி கறுத்திருந்தால், நகைக் கடையில் விற்கும் வெள்ளி மெருகுத் திரவத்தில் முக்கலாமா?

#15 கல்லுடைப்பான்
கூடாது. அந்தத் திரவத்தின் வேலையே வெள்ளி சல்ஃபைடைக் கரைப்பது. காம்ஸ்டாக் துண்டில் கறுப்பாக இருப்பதுதான் கனிமம், முக்கினால் அகாந்தைட் போய்க் குழி விழுந்த குவார்ட்ஸ் மிஞ்சும். காய்ச்சி வடித்த தண்ணீர், மெல்லிய பிரஷ், போதும்.

மேல்மட்டத் துண்டு என்றால் மெழுகுபோல் மங்கலான குளோரார்ஜிரைட் (வெள்ளிக் குளோரைடு) ஒட்டியிருக்கலாம். அது வெளிச்சத்தில் ஊதாப் பழுப்பாக மாறும், மாறினது திரும்பாது. சந்தேகமாக இருந்தால் உதிர்ந்த துணுக்கு ஒன்றை நனைத்த துத்தநாகத் தகட்டின்மேல் வைத்துப் பாருங்கள், கறுத்து வெள்ளியாகும். பைரார்ஜிரைட்டும் வெளிச்சத்தில் சிவப்பை இழக்கும். இரண்டையும் மூடிபோட்ட பெட்டியில் வையுங்கள், கண்ணாடி அலமாரியில் வேண்டாம்.